எல்லை கடந்த தாபரிப்பு: பேரரசின் ஏற்பாட்டிலிருந்து சர்வதேசச் சமவாயம் வரை

மனைவியையும் பிள்ளைகளையும் தாபரிக்கும் கடப்பாட்டை ஏற்காத சமுதாயம் இல்லையென்றே கூறலாம். ஆயின், அக்கடப்பாட்டை நிறைவேற்ற மறுப்பவனிடமிருந்து பணத்தை அறவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. நீதிமன்றத்தின் அதிகாரமோ அதனை நிறுவிய அரசின் நிலப்பரப்போடு முடிந்துவிடுகின்றது. கடப்பாடு மனிதனோடு கப்பலேறிச் செல்கின்றது. கட்டளை துறைமுகத்தில் நின்றுவிடுகின்றது. இவ்விடைவெளியை நிரப்புவதற்குச் சட்டம் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு நூறாண்டுக்குச் சற்றே மேற்பட்டது. சட்ட நூல்களில் ஓர் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுள்ள இவ்வரலாறு, குடிபெயர்வினால் உருமாறிய இலங்கை போன்ற நாடொன்றுக்கு மிகவும் நெருக்கமானது.

இவ்வகை வழக்குகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வணிகர் இருவர் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு வழக்காடும்போது வழக்கின் பெறுமதி அதன் செலவைத் தாங்கும். தாபரிப்பு வழக்கிலோ கோரப்படுவது மாதந்தோறும் கிடைக்க வேண்டிய சிறு தொகை. கோருபவர் பெரும்பாலும் வறியவர். பிறநாடு சென்று, அங்கே வழக்கறிஞரை அமர்த்தி, அந்நாட்டு மொழியில் சாட்சியமளித்து அத்தொகையைப் பெறுவதென்பது அவரால் இயலாதது. எனவே, ‘யார் யாருடைய நீதிமன்றத்துக்குச் செல்வது?’ என்ற வினாவே இத்துறையின் மையமாக அமைந்தது. கோருபவர் பயணம் செய்யாமல் அவருடைய கோரிக்கையை மட்டும் பயணம் செய்விப்பது எவ்வாறு என்பதற்கே ஒவ்வொரு காலகட்டமும் விடை தேடியது.

வறியோர் சட்டத்தின் மரபு

பிரித்தானியப் பேரரசின் பகுதிகளில் வழங்கிய தாபரிப்புச் சட்டங்களின் மூலம் குடும்பநலம் பற்றிய சிந்தனை மட்டுமன்று. பொதுப்பணத்தைக் காக்கும் எண்ணமுமாகும். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டம், நெருங்கிய உறவினரைத் தாபரிக்கும் பொறுப்பைக் குடும்பத்தின்மீது சுமத்தியது. ஆதரவற்றோர் பங்குக் கோயில் வட்டாரத்தின் வரிப்பணத்தில் தங்கியிருப்பதைக் குறைப்பது அதன் நோக்கமாயிருந்தது. 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாடோடிகள் சட்டம், மனைவி மக்களை வட்டாரத்தின் செலவில் விட்டு ஓடுபவனைத் தண்டனைக்குரியவனாக்கியது. 1886ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்ட மனைவி நீதவான் முன்னிலையில் நேரடியாகக் கோரிக்கை விடுத்து வாரத்துக்கு இரண்டு பவுண் வரை பெறலாம் என்ற ஏற்பாடு அங்கு வந்தது.

இலங்கையின் வளர்ச்சியும் இதற்கு இணையாகவே அமைந்தது. உரோம-டச்சுச் சட்டம் தாபரிப்புக் கடப்பாட்டை முன்னரே அங்கீகரித்திருந்தது. எனினும், குடும்பத்தை ஆதரவின்றி விட்டுச் செல்வது 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு குற்றமாகவே முதலில் இடம்பெற்றது. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டமே மனைவிக்கும் பிள்ளைக்கும் மாதாந்தத் தொகையைக் கோரும் வழியைத் தெளிவாக வகுத்தது. மணவுறவுக்குள் பிறந்த பிள்ளை, அதற்கு வெளியே பிறந்த பிள்ளை ஆகிய இருசாராரையும் அச்சட்டம் உள்ளடக்கியமை குறிப்பிடத்தக்கது. பின்னவர் விடயத்தில், தாயின் சாட்சியம் வேறு சான்றினால் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்பன போன்ற கடுமையான நிபந்தனைகள் இருந்தபோதிலும், உரிமை என்ற வகையில் அது ஏற்கப்பட்டிருந்தது. கட்டளையை மீறுபவனைச் சிறையிலிடும் அதிகாரமும் நீதவானுக்கு இருந்தது. ஆனால் அந்நீதவானின் பிடியாணை கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் செல்லுபடியாகவில்லை.

‘இறுதித் தன்மை’ என்னும் தடை

ஒரு நாட்டின் தீர்ப்பை மற்றொரு நாடு மதித்து நிறைவேற்றும் வழக்கம் ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் முன்பே இருந்தது. ஆயின் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அத்தீர்ப்பு இறுதியானதாக இருத்தல் வேண்டும். இலங்கையில் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1889ஆம் ஆண்டில், பிரபுக்கள் சபை இவ்விதியை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. வணிகக் கடன் பற்றிய தீர்ப்புகளுக்கு இது பொருத்தமான விதியே. தாபரிப்புக் கட்டளையின் இயல்போ வேறானது. பிள்ளை வளர வளரத் தேவை மாறுகின்றது. தந்தையின் வருமானமும் கூடலாம், குறையலாம். ஆகையால் கட்டளையைப் பிறப்பித்த நீதிமன்றமே அதனைக் காலத்துக்குக் காலம் மாற்றியமைக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். இந்நெகிழ்ச்சியே தாபரிப்புச் சட்டத்தின் சிறப்பு. எல்லை கடக்கும்போது அதுவே அதன் பலவீனமாயிற்று.

மலாயாவின் பேராக் மாநிலத்து நீதிமன்றம் பிறப்பித்த தாபரிப்புக் கட்டளை ஒன்றின் நிலுவையை இங்கிலாந்தில் அறவிட மனைவி தொடர்ந்த வழக்கு, 1920இல் இக்காரணத்தாலேயே தோல்வியுற்றது. மாற்றப்படக்கூடிய கட்டளை இறுதியானதன்று. இறுதியல்லாத கட்டளையை ஆங்கில நீதிமன்றம் நிறைவேற்றாது என்பதே முடிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டு இளைஞர் பெருந்தொகையினராகப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் உத்தியோகம் தேடிச் சென்ற நாடும் அதே மலாயாவாகும். அங்கிருந்து வந்த காசுக்கட்டளைகளில் இங்கு பல குடும்பங்கள் வாழ்ந்தன. காசுக்கட்டளை நின்றுவிட்ட வீட்டில் உறவினரின் மத்தியஸ்தமும் ஊராரின் சொல்லும் பயன்படலாம். சட்டம் மட்டும் கடலைத் தாண்ட வகையற்றிருந்தது.

1920ஆம் ஆண்டின் ஏற்பாடு

இக்குறை ஆட்சியாளருக்குத் தெரியாததன்று. 1911ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், கைவிடப்பட்ட மனைவியரையும் பிள்ளைகளையும் பாதுகாப்பதற்காகப் பேரரசின் பகுதிகள் பரஸ்பரச் சட்ட ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும் என்ற தீர்மானத்தை நியூசிலாந்து முன்வைத்தது. குடியேறியோரால் வளர்ந்த நாடொன்றிலிருந்து இப்பிரேரணை எழுந்தமை இயல்பே. கடலைக் கடப்பது குடும்பப் பொறுப்பிலிருந்து தப்பும் எளிய வழியாகிவிடும் அபாயம் அத்தகைய நாடுகளிலேயே முதலில் உணரப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் மூண்ட முதலாம் உலகப் போரின்போது டொமினியன் நாட்டுப் படைவீரர் பலர் பிரித்தானியாவில் மணம் புரிந்தனர். குடும்பங்கள் கடல்களுக்கு இடையே பிரிந்து கிடக்கும் நிலை முன்னரிலும் பெருகிற்று. இறுதியில், 1920ஆம் ஆண்டில் தாபரிப்புக் கட்டளைகளை நிறைவேற்ற வசதியளிக்கும் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த ஆண்டிலேயே, 1921இல், இலங்கையும் இந்தியாவும் இதற்கு இணையான சட்டங்களை இயற்றின.

இவ்வேற்பாடு இரண்டு வழிகளைத் திறந்தது. முதலாவது, பதிவு முறை. கணவன் நாட்டில் இருக்கும்போதே கட்டளை பிறந்து, பின்னர் அவன் வெளியேறினால், அக்கட்டளையின் அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிரதி அரசாங்க வழியாக அவன் வாழும் நாட்டுக்கு அனுப்பப்படும். அங்கே பதியப்பட்டதும் உள்நாட்டுக் கட்டளையின் வலு அதற்குக் கிட்டும். ‘இறுதித் தன்மை’ பற்றிய பழைய தடையை இது நேரடியாக அகற்றிற்று.

இரண்டாவது வழி மேலும் நுட்பமானது. கணவன் ஏற்கனவே வெளியேறிவிட்டிருந்தால், மனைவி தன் ஊர் நீதிமன்றத்தில் அவன் இல்லாமலே சாட்சியமளிப்பாள். நீதிமன்றம் தற்காலிகக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கும். உறுதிப்படுத்தப்படும் வரை அதற்கு வலுவில்லை. சாட்சியங்களின் பிரதியும், கணவன் நேரில் வந்திருந்தால் எந்தெந்தக் காரணங்களைக் காட்டி எதிர்த்திருக்கலாம் என்பதைக் கூறும் அறிக்கையும் கட்டளையோடு அனுப்பப்படும். இலங்கையிலிருந்து அவை தேசாதிபதியின் வழியாகச் சென்றன. அங்குள்ள நீதிமன்றம் கணவனுக்கு அழைப்பாணை அனுப்பும். முதல் வழக்கில் எழுப்பக்கூடியதாயிருந்த எதிர்வாதத்தை மட்டுமே அவன் அங்கு எழுப்பலாம். நீதிமன்றம் கட்டளையை உறுதிப்படுத்தலாம், மாற்றலாம், அல்லது மேலும் சாட்சியம் வேண்டுமெனத் திருப்பியனுப்பலாம். இவ்வாறு ஒரு வழக்கு இரண்டு பாதிகளாகப் பிளக்கப்பட்டது. மனைவி தன் ஊரிலும் கணவன் தன் இருப்பிடத்திலும் பேசினர்; நடுவே பயணம் செய்தவை காகிதங்கள் மட்டுமே. பிற்காலத்தில் உருவான சர்வதேச முறைகள் பலவற்றின் வித்து இங்கே இடப்பட்டது எனலாம்.

ஆயினும் இவ்வேற்பாட்டின் எல்லைகள் அதன் இயல்பைப் புலப்படுத்துகின்றன. அது இங்கிலாந்தை மையமாகக் கொண்டது. ஸ்கொத்லாந்துகூட அதற்குள் அடங்கவில்லை. பேரரசுக்கு வெளியேயிருந்த நாடுகளுக்கு அது எவ்வித வழியையும் காட்டவில்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையின் தந்தைமீது பிறப்பிக்கப்படும் கட்டளைகளை 1920ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. குடியேற்றநாட்டுச் சூழலில் இவ்விலக்கின் பொருள் தெளிவானது. தோட்டத்துரைமாருக்கும் உள்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் இலங்கையின் மலைநாட்டு வரலாற்றின் ஒரு பகுதியினராவர். 1889ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பிள்ளைகளுக்கு அளித்த உரிமை, தந்தை தாயகம் திரும்பியதும் பயனற்றதாயிற்று. அவனைத் தொடர்ந்து செல்லும் வழியை முறைப்படி மணந்த மனைவியின் கோரிக்கைக்குத் திறந்த அதே சட்டமே இப்பிள்ளைக்கு அடைத்துவிட்டது. இவ்விலக்கு பிரித்தானியாவின் 1972ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலேயே கைவிடப்பட்டது.

1956ஆம் ஆண்டுச் சமவாயம்

பேரரசு என்ற ஒரே கூரையின்கீழ் அமையாத நாடுகளுக்கிடையே இதே சிக்கலைத் தீர்ப்பது கடினமான பணியாயிற்று. நாடுகளின் சட்ட மரபுகள் வேறுபட்டவை. ஒன்றின் தீர்ப்பை மற்றொன்று ஏற்க வேண்டுமென வற்புறுத்துவது அரசுகளின் இறைமையைத் தொடும் விடயம். இரண்டாம் உலகப் போர் மக்களை நாடு விட்டு நாடு சிதறடித்தபோது இச்சிக்கல் உடனடிக் கவனத்தை வேண்டிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றம் இதனைக் கையிலெடுத்தது. நியூயோர்க்கில் கூடிய மாநாட்டின் முடிவில், 1956ஆம் ஆண்டு யூன் 20ஆம் திகதி, வெளிநாட்டில் தாபரிப்பை அறவிடுதல் பற்றிய சமவாயம் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்டது. மொறொக்கோ, இஸ்ரேல், குவாத்தமாலா ஆகிய மூன்று நாடுகளின் ஏற்புறுதியோடு 1957ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது.

தீர்ப்புகளை நிறைவேற்றுமாறு நாடுகளைக் கட்டாயப்படுத்தும் கடினமான பாதையை இச்சமவாயம் தவிர்த்தது. அதற்குப் பதிலாக நிர்வாக ஒத்துழைப்பையே அது தன் அடித்தளமாகக் கொண்டது. ஒவ்வொரு நாடும் அனுப்பும் முகவரகம் ஒன்றையும் பெறும் முகவரகம் ஒன்றையும் நியமிக்க வேண்டும். கோருபவர் தம் நாட்டு அனுப்பும் முகவரகத்திடம் மனுவைக் கையளிப்பார். அது உரிய ஆவணங்களோடு எதிர்த்தரப்பினர் வாழும் நாட்டின் பெறும் முகவரகத்துக்குச் செல்லும். அம்முகவரகம் கோருபவரின் சார்பில் இணக்கப் பேச்சு நடத்தலாம். தேவையாயின் வழக்குத் தொடரலாம். பணத்தை அறவிட்டு அனுப்பலாம். கோருபவரின் புகைப்படமும், கிடைக்குமாயின் எதிர்த்தரப்பினரின் புகைப்படமும் மனுவோடு இணைக்கப்பட வேண்டும் என்று சமவாயம் விதிக்கின்றது. தொலைவில் வாழும் ஒருவரை முதலில் அடையாளங்காண வேண்டும் என்ற நடைமுறை உணர்வு இவ்விதியில் வெளிப்படுகின்றது.

வறியவரின் நிலையை மனத்திற்கொண்ட வேறு விதிகளும் இதில் உள. வெளிநாட்டவர் என்பதற்காக வழக்குச் செலவுக்குப் பிணை வைக்குமாறு கோருபவரைக் கேட்டல் ஆகாது. உள்நாட்டு வழக்காளிக்குக் கிட்டும் செலவு விலக்குகள் அவருக்கும் கிட்ட வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் நாடுகள், தாபரிப்புப் பணத்துக்கு மிக உயர்ந்த முன்னுரிமை அளிக்க வேண்டும். 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நீண்டகாலம் இயங்கிய இலங்கை போன்ற நாடுகளில் இவ்விதியின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். தீர்ப்பைப் பெற்றும் பணத்தை அனுப்ப அனுமதி கிடையாவிடின் அத்தீர்ப்பு வெறுங் காகிதமே.

மறுபுறத்தில், இச்சமவாயத்தின் ஓர் அடிப்படை விதி எதிர்த்தரப்பினருக்குச் சாதகமானது. வழக்கில் எழும் வினாக்கள் யாவும் எதிர்த்தரப்பினர் வாழும் நாட்டின் சட்டப்படியே தீர்க்கப்படும். தாபரிக்கும் கடப்பாடு எவ்வளவு காலத்துக்கு, யாருக்கு, எத்துணை என்பனவற்றை அந்நாட்டின் சட்டமே நிர்ணயிக்கும். ஆகவே கோருபவர் பயணம் செய்யும் சுமை நீங்கியபோதும், அவருடைய சட்டம் அவரோடு பயணம் செய்யவில்லை.

இலங்கையும் சமவாயமும்

இலங்கை இச்சமவாயத்தில் முதல் நாளிலேயே கைச்சாத்திட்டு, 1958ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் திகதி அதனை ஏற்புறுதி செய்தது. ஆசிய நாடுகளில் இது முந்திய செயலாகும். பாகிஸ்தான் 1959இல் இணைந்தது. பிலிப்பைன்ஸ் 1968இலேயே ஏற்புறுதி செய்தது. பிரித்தானியாவோ 1975ஆம் ஆண்டு வரை இதில் இணையவில்லை. இதனால் விந்தையான நிலையொன்று ஏற்பட்டது. 1958க்கும் 1975க்கும் இடையில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து தாபரிப்புக் கோர வேண்டின் இலங்கையர் பேரரசுக் காலத்துப் பழைய வழியையே நாட வேண்டியிருந்தது. மேற்கு ஜேர்மனியில் அல்லது பிரான்சில் வாழ்பவரிடமிருந்து கோருவதாயின் புதிய சர்வதேச வழி திறந்திருந்தது.

சமவாயத்தின் உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும், 1983ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் இலங்கையர் பெருந்தொகையாகச் சென்றனர். இவ்விடப்பெயர்வின் வரைபடத்தையும் சமவாயத்தின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்குதல் பயனுடையது. நோர்வே, ஜேர்மனி, பிரான்சு, சுவிற்சர்லாந்து ஆகியன சமவாயத்தில் இணைந்தவை. கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் அதில் இணையவில்லை. சவூதி அரேபியா, குவைத் முதலிய வளைகுடா நாடுகளும் இணையவில்லை. அண்டை நாடான இந்தியாவும் வெளியேயே நின்றது. ஒரே ஊரில், ஒரே நிலையில் உள்ள பெண்கள் இருவரை எண்ணிப் பார்க்கலாம். கணவன் ஒஸ்லோவில் வாழ்பவளுக்கு அரசுகள் ஏற்றுக்கொண்ட வழியொன்று உண்டு. கணவன் ரொறன்ரோவில் வாழ்பவளுக்கு அச்சமவாயம் எதனையும் தரவில்லை. இருவரின் தேவையும் ஒன்றே. வேறுபாடு கணவன் ஏறிய விமானத்திலேயே தங்கியுள்ளது.

உள்நாட்டுச் சட்டத்தின் வளர்ச்சியையும் இங்கு நோக்குதல் தகும். 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நூற்றுப்பத்து ஆண்டுகள் நிலவியபின், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது. மனைவி என்ற சொல்லுக்குப் பதில் வாழ்க்கைத்துணை என்ற கருத்தையும், பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் உரிமையையும் அது புகுத்தியது. உரிமை உள்நாட்டில் விரிந்தது. ஆனால் எதிர்த்தரப்பினர் நாட்டுச் சட்டமே ஆளும் என்ற சமவாய விதியின்படி, அவ்விரிவு எல்லைக்கு அப்பால் தானாகச் செல்லாது.

பிற்கால வளர்ச்சி

ஐரோப்பிய நாடுகள், கோருபவரின் நாட்டுத் தீர்ப்பையே எல்லை கடக்கச் செய்யும் முயற்சியை ஹேக் நகரில் உருவான சமவாயங்கள் வழியாக முன்னெடுத்தன. 1958ஆம் ஆண்டின் சமவாயம் பிள்ளைகளுக்கான தாபரிப்புத் தீர்ப்புகளையும், 1973ஆம் ஆண்டின் சமவாயம் குடும்பத்தின் ஏனைய உறுப்பினருக்கான தீர்ப்புகளையும் அங்கீகரிக்க வழிசெய்தன. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையிலேயே இதே சிக்கல் எழுந்தது. அங்கு 1950இல் வரையப்பட்ட மாதிரிச் சட்டம், ஒரு மாநிலத்தில் தொடங்கி மறு மாநிலத்தில் முடியும் வழக்கு முறையை அமைத்தது. பேரரசின் 1920ஆம் ஆண்டு முறையோடு அது கொண்டுள்ள ஒற்றுமை வெளிப்படை. இவ்விரு போக்குகளும் 2007ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதிய ஹேக் சமவாயத்தில் ஒன்றுகூடின. முகவரகங்களின் ஒத்துழைப்பு, தீர்ப்புகளின் அங்கீகாரம், பிள்ளைத் தாபரிப்புக்கு இலவசச் சட்ட உதவி ஆகியவற்றை அது ஒரே கருவிக்குள் இணைத்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த அச்சமவாயம், 1956ஆம் ஆண்டுச் சமவாயத்துக்கு வெளியே நின்ற ஐக்கிய அமெரிக்காவையும் 2017இல் உள்ளீர்த்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை துலங்கும். சட்ட நுட்பம் படிப்படியாக முன்னேறியுள்ளது. முதலில் கட்டளை பயணம் செய்தது; பின்னர் மனு பயணம் செய்தது; இறுதியில் அரசு அலுவலகங்களே ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. ஆனால் அந்நுட்பம் யாரைச் சென்றடையும் என்பதைக் கைவிடப்பட்டோரின் தேவை நிர்ணயிக்கவில்லை. அரசுகளின் உறவே நிர்ணயித்தது. 1920இல் அவ்வெல்லையைப் பேரரசு வரைந்தது. 1956க்குப் பின் கைச்சாத்திட்ட நாடுகளின் பட்டியல் வரைந்தது. தொழிலாளரோ பட்டியலைப் பார்த்துப் புறப்படுவதில்லை. வேலை உள்ள இடத்துக்கே செல்கின்றனர்.

தொழிலாளரை அனுப்பும் அரசு, அனுப்பும் உடன்படிக்கைகளில் ஊதியத்தையும் பயணச் செலவையும் பற்றிப் பேசுவதுண்டு. ஊரில் விடப்பட்ட குடும்பத்தின் தாபரிப்பும் அவ்வுடன்படிக்கைகளில் இடம்பெறத்தக்க விடயமே. 1911இல் குடியேறியோரின் நாடொன்று எழுப்பிய கோரிக்கை அதுவேயாகும். குடிபெயர்வோரின் நாடொன்று அதனை எழுப்புதற்கு அதனினும் மிகுதியான காரணம் உண்டு. ஏற்கனவே திறந்துள்ள வழியையேனும் அறிந்து பயன்படுத்துவது அதற்கு முந்திய படி. 1958இல் இலங்கை ஏற்ற கடப்பாடு சட்ட மாணவரின் பாடக்குறிப்போடு நின்றுவிடாமல், கிராமத்துப் பெண்ணொருத்தி நீதிமன்றப் படியில் வினவும்போது விடையாகக் கிடைக்குமாயின், அச்சமவாயத்தின் நோக்கம் அங்கேதான் நிறைவேறும்.